பக்கம் மாறினால்

"எத்தனை தடவைதான் சொல்றது?" டீச்சர் பலகையைத் தட்டினாள். "எக்ஸ் கூட்டல் மூணு, சமம் பத்து. மூணு அந்தப் பக்கம் போனா கழித்தல் மூணு. பக்கம் மாறினா குறி மாறும். மேலேயே எழுதிப் போட்டிருக்கேன்."

"ஏன் மாறணும்?" என்றாள் மாணவி.

"அது விதி."

"காரணம் சொன்னாத்தான் எழுதுவேன்." மாணவி பென்சிலை மேசையில் வைத்துவிட்டாள்.

"நாளைக்குப் பரீட்சை. இந்தத் தடவையும் கணக்குல போச்சுன்னா பத்தாவது அவ்வளவுதான்."

"போனாப் போகட்டும் டீச்சர். பள்ளிக்கூடத்துல இதைக் கேட்டதுக்குத்தான் வெளியே நிக்க வெச்சாங்க. அப்பவும் நான் மாத்தல."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்தப் பக்கம் இருந்த மாதிரியே அந்தப் பக்கமும் போய் இருக்க முடியாது. போற இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறித்தான் ஆகணும்."

மாணவி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள்.

"இதை நீயா சொல்ற? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு, 'வீடு மாறினா நான் எதுக்கு அத்தை மாறணும்?'னு என் முகத்துக்கு நேரா கேட்டவளாச்சே நீ."

மருமகள் பலகைப் பக்கம் திரும்பினாள். பலகையில் இருந்த விதியை உள்ளங்கையாலேயே அழித்தாள்.

"மூணு எங்கேயும் போகல அத்தை. ரெண்டு பக்கத்துலயும் மூணு மூணு குறைக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சு போனா அது சமமே இல்ல."

"அன்னிக்கும் இதையேதான் சொல்லிச் சண்டை போட்ட." மாமியார் பென்சிலை எடுத்தாள். "அப்பவே பலகையில போட்டுக் காட்டியிருந்தா, எனக்கும் புரிஞ்சிருக்கும்ல."