ரசமட்டத்தின் மேல் விழுந்த சுத்தியல்

கடைகளுக்கு அலமாரி அடிக்கும் நாகலிங்க ஆசாரியின் பையில் ஒரு சுத்தியலும், பலகை சாயாமல் இருக்கிறதா என்று காட்டும் ஒரு ரசமட்டமும் இருந்தன. எந்தப் பலகையைப் பொருத்தினாலும் ஆசாரி ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, குமிழியைப் பார்ப்பார். பிறகுதான் சுத்தியலை எடுப்பார். எடுத்தாலும் ஆணியைத்தான் பார்ப்பார்.

“என்னை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருக்காரா?” என்றது சுத்தியல்.

“நான் சும்மா படுத்துக் கிடக்கறேன். வேலையெல்லாம் உன்னுதுதானே அண்ணே” என்றது ரசமட்டம்.

அந்தப் பணிவுதான் சுத்தியலுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பஸ் குலுங்கியபோது, தெரியாததுபோல் ரசமட்டத்தின்மேல் முழு எடையோடு விழுந்தது. உள்ளேயிருந்த கண்ணாடிக் குழல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

அன்று பொம்மைக் கடையில் அலமாரி வேலை முடிந்தது. முதலாளி ஆசையாக ஒரு பொம்மைக் காரை எடுத்து வைத்தார். அது மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, கீழே விழுந்தது.

“என்ன ஆசாரி, சாவியே கொடுக்கலை, ஓடுதே?”

ஆசாரி ரசமட்டத்தை மூலையில் எறிந்தார். சுத்தியலை எடுத்தார். அது அடித்த ஆணிகளையெல்லாம் அதைக் கொண்டே பிடுங்கினார். நெடுநேரம் அதைக் கையைவிட்டு இறக்கவே இல்லை.

மூலையிலிருந்து ரசமட்டம் கேட்டது: “அண்ணே, எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது. நான் பொய் சொல்லலைன்னு நீயாவது நம்பறியா?”

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மட்டம் பார்க்க ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பி, சுவரோடு பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த டியூப் எவ்வளவு மெல்லியது என்று சுத்தியல் பார்த்துக்கொண்டிருந்தது.