எங்கே என்று கேட்டாள்

ராணுவத்தில் கேப்டனாக இருந்த சவரிராயன், போர் முடிந்ததும் குருமடத்தில் சேர்ந்து பாதிரியாரானார். இருபது வருடம் கழித்து, போரில் தன் உத்தரவால் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனின் தாய் ரெஜினாளைத் தேடிப் போனார். அவள் வாசலில் அங்கியோடு மண்டியிட்டு, எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

ரெஜினாள் மீன் அரிவதை நிறுத்தவில்லை. "ஆண்டவர் மன்னிச்சுதானே உங்களுக்கு அங்கி குடுத்திருக்காரு. எம்புள்ளய எங்க புதைச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க சாமி."

அந்த நாள், நேரம், அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட பாதிரியாருக்கு நினைவிருந்தது. புதைத்த இடத்தை மட்டும் அவர் அன்று யாரிடமும் கேட்கவில்லை.

"தெரியாதும்மா."

"அப்ப எந்திரிங்க" என்றாள். "வாசல் ஈரமா கெடக்கு. வெள்ளை அங்கி அழுக்காயிடும்."