உப்புப் பார்க்கிறவர்

மதியத் தொழுகை முடிந்து வந்த கலீபுல்லா, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து நோன்புக் கஞ்சியில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்ப்பதென்றால் நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பதல்ல. கிண்ணம் காலியாகும்வரை பார்ப்பது.

வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் இந்த ரமலானில் நோன்பு இல்லை. முதல் நோன்பன்று ஏலக்காய்க் கடையில், மூட்டைகளுக்கு நடுவே மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வயிற்றைக் காயப்போடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

நோன்பை விட்டார். வீம்பை விடவில்லை.

எல்லோரும் நோன்பிருக்கிற வீட்டில் தான் மட்டும் எப்படித் தின்பது என்று மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கினார். மறுநாள் மதியம் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் கை நடுங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவர் மனைவி கமர்நிசா, ஒரு கரண்டிக் கஞ்சியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"வயசாயிருச்சுங்க, கையளவு தப்புது. நோன்போட நான் எங்கிட்டு வாயில வச்சுப் பாக்க? நீங்கதான் உப்புப் பாத்துச் சொல்லணும்."

கலீபுல்லாவுக்குப் பாவமாக இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நோன்போடுதான் கஞ்சி காய்ச்சுகிறாள். கல் உப்பை அள்ளிப் போட்டால் அதுதான் அளவு. ஒருநாள் கூடியதில்லை, குறைந்ததில்லை. அந்தக் கைக்கா இந்தக் கதி?

அக்கம்பக்கத்துக்கெல்லாம் கஞ்சி போகிற வீடு. உப்புக் கரித்தால் அவள் பெயர்தான் கெடும். மறுக்க மனம் வராமல் வாங்கிக் குடித்தார்.

ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டியே தரம் சொல்கிறவர், உப்பை லேசில் விடுவாரா? மேலாக ஒரு வாய், அடியிலிருந்து ஒரு வாய் என்று குடித்துப் பார்த்து, "ஒரு கல்லு கம்மி" என்றார்.

கரண்டி நாளடைவில் கிண்ணமானது. கிண்ணத்தோடு வடையும் வந்தது. வடைக்கும் உப்புப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம் நோன்பு திறக்கிற கஞ்சி, இப்போதெல்லாம் மதியத்திலேயே வெந்துவிடுகிறது. அதைப் பற்றியும் அவர் யோசிக்கவில்லை.

கை நடுக்கம் நின்றிருந்தது. நோன்பாளிகளுக்கு ஒத்தாசை செய்கிற நன்மை என்று எடுத்துக்கொண்டார். கடைக்குப் போக முடியாமல் வேலையற்று வீட்டோடு கிடக்கிறோம் என்ற குறையும் போயிருந்தது. நாம் சொல்லாமல் இந்த வீட்டில் கஞ்சி இறங்காது என்று கொஞ்சம் மிதப்பாகவே இருந்தார்.

இன்றைக்கும் முதல் கிண்ணத்தை முடித்துவிட்டு "ஒரு கல்லு கம்மி" என்று தீர்ப்புச் சொன்னார். கமர்நிசா கிண்ணத்தோடு உள்ளே போனாள். அகப்பை உரசும் சத்தம் கேட்டது.

வாசலில் பக்கத்து வீட்டுப் பொன்னுமணி, கழுவிய தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இதை மதினிகிட்டக் குடுத்துருங்க. காட்டுச் சோலிக்குப் போகணும்னு வெரசாக் குடிச்சிட்டேன்."

"இன்னைக்குக் காச்சுன கஞ்சியா?"

"ஆமாண்ணே, இப்பத்தான் சுடச்சுடக் குடுத்துச்சு. உப்பு எப்பவும்போலக் கணக்கா இருந்துச்சு. மதினி கை என்னைக்குத் தப்பியிருக்கு?"

வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கலீபுல்லா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவிய பிறகும் அதில் சூடு மிச்சமிருந்தது.

வெட்கமாக இருக்கும் என்று பார்த்தார். இல்லை. இந்த வயதில் ஒருத்தி தன்னை இப்படி ஏமாற்றிச் சோறு போடுகிறாள் என்று நினைக்க, நெஞ்சு நிறைந்துதான் வந்தது.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று வாளியை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

கமர்நிசா இரண்டாவது கிண்ணத்தை நீட்டினாள். அவர் அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒரு கல்லு கம்மியாத்தான் இருக்கு நிசா. கொண்டா, பாப்போம்" என்றார்.