அடங்காத பட்டாம்பூச்சி

மனைவிக்கு விஷம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த மர வியாபாரி கிராடக், விடுதலையான அன்று மாலையே பாரிஸ்டர் பென்ரிக்குக்கு நன்றி சொல்ல வந்திருந்தார். பென்ரிக்கின் மனைவி லெட்டிஸ் மூவருக்கும் தேநீர் ஊற்றி வைத்தாள்.

“உங்க வாய்தான் சார் என்னைத் தூக்குக் கயித்துலேருந்து இறக்கிச்சு.”

“சயனைடுன்னாங்க. இந்த மோல்மீன் ஊர்ல எந்தக் கடையிலயும் நீங்க அதை வாங்கலையே. அந்த ஒரு கேள்வியிலயே கேஸ் படுத்துடுச்சு,” என்று பென்ரிக் சிரித்தார்.

பேசிக்கொண்டே, அன்று தோட்டத்தில் பிடித்த நீலப் பட்டாம்பூச்சியை, பூட்டிவைத்திருந்த அலமாரியிலிருந்து எடுத்த சீசாவுக்குள் போட்டு மூடினார். சேகரிக்கும் பூச்சிகளைக் கொல்வதற்காக அடியில் சயனைடு வைத்த சீசா அது. உடனே அடங்கவேண்டிய பூச்சி, விடாமல் சிறகடித்துக்கொண்டே இருந்தது.

சீசாவைத் தூக்கிப் பார்த்தார். அடியிலிருந்த சயனைடை யாரோ சுரண்டியெடுத்திருந்தார்கள்.

தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்: “லெட்டிஸ், இந்த அலமாரிச் சாவி நம்ம ரெண்டு பேர்கிட்ட மட்டும்தானே இருக்கு?”

“ஆமாங்க,” என்றவள், கிராடக்கின் தோளில் கை வைத்தாள். “பூச்சியை விடுங்க. டீ ஆறிடப் போகுது, மீதியையும் குடிங்க.”

அவர்கள் இருவரும் தங்கள் கோப்பைகளைத் தொடவே இல்லை என்பதை அப்போதுதான் பென்ரிக் கவனித்தார்.