இன்னைக்கும் திறக்கல

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதை உரக்கச் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற மூத்தவளைத்தான் வீடே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் தம்பி இறந்துபோய் மூன்று மாதமாகிறது. அவனோடு கட்டட வேலை பார்த்த கூட்டாளி, 'உங்க பையனோட கடைசி வீடியோ' என்று அப்பாவுக்கு ஒன்றை அனுப்பியிருந்தான். அப்பா அதைத் தொட்டால் 'திறக்க முடியவில்லை' என்றுதான் வருகிறது. தினமும் தொடுவார். தினமும் அதே பதில்.

அப்பாவுக்குப் பார்வை மங்கல், போன் திரை ஒத்துவராது. அதனால் மூத்தவள் தன் பழைய தொடுதிரைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தாள். அதில் செய்தி வருகிற செயலி, பெட்டிக்குள் பூட்டிவைத்த மாதிரி. வந்ததைப் படிக்கலாம். ஆனால் வெளியே இருக்கிற வீடியோ பிளேயரைக் கூப்பிட அதற்கு அனுமதி கிடையாது. பேத்தி போட்டோ வந்தால் எடுத்துவைக்க ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வழி விட்டிருந்தாள். எப்படிச் சேமிப்பது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

"ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரையெல்லாம் சரிபண்ணிச் சம்பளம் வாங்குற. பெத்தவர் கேட்டா மட்டும் கை வரலையாக்கும்," என்று அத்தை வரும்போதெல்லாம் குத்துவாள்.

மூத்தவள் ஏதாவது சாக்குச் சொல்வாள். பெட்டிக்குள்ள இருக்கிறது வெளியில இருக்கிறதைத் திறக்காது அத்தை, புது வெர்ஷன் வரணும் என்பாள்.

தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிவருவதாக அத்தை ஒருநாள் கிளம்பியபோது, சீறியது அப்பாதான்.

"கண்டவனும் இதுல கை வைக்க வேண்டாம். என் பொண்ணால ஆகாதது எவனால ஆகப்போகுது?"

"நீ இப்படியே நம்பிக்கிட்டு இரு அண்ணே. அவ உன்னை நல்லா ஏமாத்துறா."

அத்தை சொன்னதில் பொய்யில்லை. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும், அனுமதி கிடைத்துவிடும். மூத்தவள்தான் அடிக்கவில்லை.

சாப்பிட்டுப் படுத்தவன் தூக்கத்திலேயே போய்விட்டான் என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவனுக்குப் பட்ட அடி பின்மண்டையில். முகத்தில் கீறல்கூட இல்லாததால் நம்பவைக்க முடிந்தது. வீடியோவில் இருந்ததோ, அவன் கட்டடச் சாரத்திலிருந்து விழுவது. கீழே கிடந்து அப்பாவைக் கூப்பிடுவதும் அதில் கேட்கும். அவளுக்கும் அது வந்திருந்தது. ஒரு தடவை பார்த்தாள், அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் நெஞ்சிலோ ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் கத்தி வைத்தாயிற்று. அழித்துவிட்டால் கூட்டாளியிடமே மறுபடி கேட்பார். திறக்காமல் கிடப்பதுதான் நல்லது என்று எல்லார் பேச்சையும் வாங்கிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போயிருந்தார். தன் மகளுடைய பள்ளி நாடகத்தை அவருக்குப் போட்டுக்காட்டலாமென்று அவர் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, வீடியோ பிளேயரைத் திறந்தாள்.

கடைசியாக ஓடிய படத்தை, விட்ட இடத்திலேயே அது கொண்டுவந்து நிறுத்தியது.

தம்பி.

சாரத்தின் உச்சியில், இடுப்பில் கயிறில்லாமல், எடுப்பவனைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த நொடி கால் இடறும். அதற்குமேல் என்ன வரும் என்று தெரிந்தவர்தான் அந்த இடத்தில் நிறுத்துவார்.

பேத்தி போட்டோவுக்கு விட்ட அந்த ஒரு வழி. வீடியோவை அதில் சேமித்து, பெட்டிக்கு வெளியே வந்து நேராகத் திறந்திருக்கிறார். சேமித்த தேதியைப் பார்த்தாள். வீடியோ வந்த அன்றைக்கே.

காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று மூடிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போலச் செய்தியைத் திறந்து வீடியோவைத் தொட்டார். திறக்க முடியவில்லை.

"பாத்தியா, இன்னைக்கும் திறக்கல," என்றார். "போகட்டும், அவசரமில்ல. பிள்ளை தூக்கத்துல நிம்மதியாத்தானே போனான். அதுல என்ன பெருசா இருக்கப்போகுது? நீ மெதுவா சரிபண்ணும்மா."

சொல்லிவிட்டு, அவள் கண்ணில் படும்படியாக, இன்னொரு தடவை அதைத் தொட்டுக் காட்டினார்.