கதவிடுக்கில் ஏறிய எண்

“சத்தமா சொல்லும்மா, எவ்வளவு காட்டுது?”

“நானூத்தி ஐம்பதுக்கா. சமையலறையில ஒண்ணும் இல்ல.”

“நானூத்தி ஐம்பதாம்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள் தையல்கார அக்கா. காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் மீட்டர்காரம்மா.

வீடு வீடாகக் கருவியோடு வந்து காற்றை அளக்கும் அவளுக்கு அந்தத் தெரு வைத்த பெயர் அது. ஆற்றின் அக்கரையில் இருக்கும் சிமெண்ட், உர, இரும்பு ஆலைகளின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, குழாய் வழியே இக்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். கொஞ்சம் சோடா கம்பெனிக்குப் போகிறது. மீதி இந்த ஊருக்கு அடியில், ஆழத்துப் பாறைக்குள் இறங்குகிறது. இரண்டு கரையும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். வாயு மேலே கசிந்து, எந்த வீட்டுக் காற்றிலாவது அதன் அளவு ஆயிரத்து ஐநூறைத் தாண்டினால் குழாயை அடைத்துவிட வேண்டும். அடைத்தால், வாயுவுக்குப் போக்கிடம் இல்லாமல் அக்கரையில் சிமெண்ட் சூளையை அணைக்க வேண்டியதுதான்.

அவள் கணவனுக்கு அந்தச் சூளையில்தான் வேலை.

“உன் வீட்டுக்காரர் அந்த சிமெண்ட் ஆலையிலதானே?” என்று கேட்டபடி ஊசியில் நூல் கோத்தாள் அக்கா.

“ஆமாக்கா. யார் சொன்னா?”

“ஊர் வாய்க்கு மூடி ஏது? திருடன் கையில சாவியக் கொடுத்த மாதிரின்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லலம்மா.”

மீட்டர்காரம்மா கருவியோடு கூடத்துக்கு வந்தாள். அவளுக்கே தன்மேல் அந்தச் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் எண் குறைவாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் கருவியை நீட்டுவாள்.

கூடத்தில் எழுநூறு காட்டியது. சொன்னாள். அக்கா அதையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

“ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கேக்கா. அதனால இருக்கும்.”

“தூசி வருதும்மா. தைக்கிற துணியெல்லாம் பாழாயிடும்.”

படுக்கையறைக் கதவை நெருங்க நெருங்க எண் ஏறியது. ஆயிரம். ஆயிரத்து நானூறு. மண்டியிட்டுக் கதவின் அடி இடுக்கில் கருவியை வைத்தாள். இரண்டாயிரத்து நூறு.

“இந்த ரூமைத் திறங்கக்கா.”

“வீட்டுக்காரர் தூங்குறார். நைட் டூட்டி. எழுப்பினா கடிச்சுக் குதறிடுவார்.”

“வேற யாராவது உள்ள இருக்காங்களா?”

“யார் இருக்கா? இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான்.”

தூங்குகிற ஒருவரின் மூச்சுக்கு இவ்வளவு ஏறாது. அப்படியானால் தரைக்குள்ளிருந்துதான் வருகிறது. கருவியை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூறு.

“எவ்வளவும்மா?” அக்கா அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். “எனக்கு அந்தப் பொடி எழுத்தெல்லாம் தெரியாது. நீ சொன்னாத்தான் உண்டு.”

தொள்ளாயிரம் என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? சூளை எரியும். அவள் வீட்டு அடுப்பும் எரியும். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

உள்ளே யாரோ மூச்சுமுட்டி இருமினார்கள்.

“ரெண்டாயிரத்து முந்நூறுக்கா. அவரை உடனே வெளிய கூட்டிட்டு வாங்க. ஜன்னலைத் திறங்க.” சொல்லிக்கொண்டே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். “சார், தையல்கார அக்கா வீடு. ரெண்டாயிரத்து முந்நூறு. குழாயை அடைச்சிடுங்க.”

“நல்லாப் பார்த்தீங்களா? சூளை ஒருதடவை அணைஞ்சா மறுபடி பத்த வைக்கிறது லேசில்ல. உங்க வீட்டுக்காரரும் அங்கதானே…”

“தெரியும் சார். ஆள் படுத்திருக்கிற வீடு. அடைங்க.”

“சரி, லைன்லயே இருங்க. அக்கரைக்குச் சொல்றேன்.”

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டாள்.

அப்போது படுக்கையறைக் கதவு உள்ளிருந்து திறந்தது. முதலில் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். அவர் பின்னால் பால்காரர். பிறகு தபால்காரர், அவர் மனைவி, எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும், மளிகைக்கடைக்காரர், அவர் மச்சான் என்று பாதித் தெருவே வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தது.

“தப்பா நினைக்காதம்மா,” என்றார் பால்காரர், சட்டையால் விசிறிக்கொண்டே. “உன் பின்னால நின்னு அக்கா எண்ணைப் பார்ப்பாங்க. நீ குறைச்சுச் சொன்னா கையும் களவுமா பிடிக்கச் சாட்சி வேணும்ல? அதான் ஜன்னல், கதவெல்லாம் சாத்திக்கிட்டு காலையிலேர்ந்து உள்ள உட்கார்ந்திருந்தோம். நீ உள்ளதைச் சொல்லிட்ட. இனி உன்னை நம்பலாம்.”

மீட்டர்காரம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கருவியைப் பார்த்தாள்.

“சார், அடைக்காதீங்க,” என்றாள் போனில்.

சாட்சிகள் எல்லாரும் ஒன்றாக ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்; அவள் கையிலிருந்த எண் இன்னும் நூறு ஏறியது.