ஏழாம் ரேங்க்

அந்த பில்லியர்ட்ஸ் கிளப்பில் சமத்துவம் கொடிகட்டிப் பறந்தது. ஆடத் தெரியாதவருக்கு ரெண்டாம் ரேங்க். போட்டியில் ரெண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும். கெட்டிக்காரருக்கு ஏழாம் ரேங்க். ஏழு ஜெயிக்க வேண்டும். அதனால் செயலாளரிடம் வருகிறவர்கள் எல்லாம், "எனக்கு ஆடவே வராது, ரேங்க்கைக் குறைங்க சார்" என்று மூக்கால் அழுவார்கள்.

உறுப்பினரான எலக்ட்ரீஷியன் ஒருவர் மட்டும் தலைகீழான கோரிக்கையோடு வந்து நின்றார்.

"சார், என்னை ஏழுக்கு ஏத்துங்க."

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆள் தினசரி ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்றுத் தோற்று ரெண்டிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது ஊரறிந்த ரகசியம்.

"நாளைக்கு ஃபைனல். ரெண்டுலயே இருந்தா கோப்பை உங்களுக்குத்தான். திடீர்னு மனசாட்சி உறுத்துதா?"

"அதெல்லாம் இல்ல சார். வேணும்னேதான் தோத்தேன். எழுதியே தர்றேன்."

"அப்புறம் என்ன வந்தது?"

"நேத்து காய்கறிக் கடையில என் சம்சாரத்தைப் பாத்து, 'உங்க வீட்டுக்காரர் இன்னும் ரெண்டுலதான் இருக்கார், ஆட்டம் தேறவே இல்ல'ன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா, சும்மா பேச்சுவாக்குல சொன்னேன்."

எலக்ட்ரீஷியன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அஞ்சு வருஷமா தினமும் ஆடப் போயும் தேறலைன்னா, நெஜமா எந்த வீட்டுக்குப் போயிட்டிருக்கீங்கன்னு கேக்குறா சார்."